கழற்சிக்காய் முதல் இனோசிட்டால் வரை: பெண்களின் ஹார்மோன் பிரச்சினைக்கு எது உதவும், எது உதவாது?

"ஒரு கழற்சிக்காயை உடைச்சு, உள்ள இருக்குற பருப்போட நாலு மிளகு சேர்த்துப் பொடி பண்ணி மோர்ல கலந்து குடி. மூணு மாசத்துல எல்லாம் சரியாயிடும்."

மாதவிடாய் தள்ளிப்போகிறது என்று ஒரு பெண் வாய் திறந்தால், புதுக்கோட்டை மாவட்டத்து வீடுகளில் அத்தையோ சித்தியோ சொல்லும் கைவைத்தியங்களில் இதுவும் ஒன்று. அதே பெண் செல்போனை எடுத்தால் வேறொரு கடை விரிகிறது. இனோசிட்டால் பாக்கெட், அஸ்வகந்தா மாத்திரை, 'ஹார்மோன் பேலன்ஸ்' பவுடர் என்று ரீல்ஸ் ஓடிக்கொண்டே இருக்கும். இவற்றில் உண்மையிலேயே கைகொடுப்பவை சில. வெறும் செலவு வைப்பவை பல. ஈரலையும் தைராய்டையும் பதம் பார்ப்பவையும் உண்டு. எது எந்த ரகம், அதற்கு என்ன ஆதாரம்? விரிவாகப் பார்க்கலாம்.

எந்த ஹார்மோன்?

விளம்பரங்களில் 'ஹார்மோன்' என்பது ஏதோ ஒரே பொருள் போல வரும். ஒரு பக்கம் சாய்ந்த தராசை ஒரு ஸ்பூன் பொடி நிமிர்த்திவிடும் என்பது போலப் பேசுவார்கள். உடம்பில் அப்படி இல்லை. மாதச் சுழற்சியை நடத்துவது மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியும் சினைப்பைகளும் சேர்ந்துதான். ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் இரண்டும் அதில் ஏறி இறங்குகின்றன. தைராய்டு குறைந்தாலும், இன்சுலின் சரியாக வேலை செய்யாவிட்டாலும், புரோலாக்டின் கூடினாலும் அந்தச் சுழற்சி தடுமாறும்.

அதனால் 'பீரியட்ஸ் வரலை' என்ற ஒரே அறிகுறிக்குப் பின்னால் பல காரணங்கள் இருக்கலாம். திருமணமான பெண்ணுக்கு முதல் காரணமே கர்ப்பமாக இருக்கலாம். அதைப் பார்க்காமல் கழற்சிக்காயோ எள்ளுருண்டையோ தின்று 'வரவைக்க' முயல்வது பழைய பழக்கம், ஆபத்தான பழக்கமும்கூட. கடுமையாக எடை குறைந்தாலும், மன அழுத்தம் கூடினாலும் மாதவிடாய் நிற்கும். நாற்பது வயதுக்கு முன்பே சினைப்பை செயலிழப்பதும் சிலருக்கு நடக்கிறது. தைராய்டு குறைந்த பெண்ணுக்கு இனோசிட்டால் கொடுத்தாலோ, புரோலாக்டின் கூடிய பெண்ணுக்குக் கழற்சிக்காய் கொடுத்தாலோ மூல காரணம் அப்படியே இருக்கும். நடுவில் ஆறு மாதம் போயிருக்கும்.

இன்று அதிகம் பேசப்படும் பி.சி.ஓ.எஸ், உலக அளவில் குழந்தை பெறும் வயதிலுள்ள பெண்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு இருக்கிறது. அவர்களில் 70 சதவீதம் பேர் வரை தங்களுக்கு அது இருப்பதே தெரியாமல் இருக்கிறார்கள் என்கிறது உலக சுகாதார அமைப்பு. இதற்கு நேர் எதிரான சிக்கலும் உண்டு: ஸ்கேனில் 'நீர்க்கட்டி' என்று ஒரு வரி வந்ததும் பதினைந்து வயதுப் பிள்ளைக்கு பி.சி.ஓ.எஸ் முத்திரை குத்திவிடுவது. 2023-ல் வெளியான சர்வதேச பி.சி.ஓ.எஸ் வழிகாட்டுதல் இதைத் தெளிவாக மறுக்கிறது. வயதுக்கு வந்து எட்டு ஆண்டு ஆகும் வரை, ஸ்கேனை வைத்து இந்த நோயை முடிவு செய்யக் கூடாது. வயதுக்கு வந்த முதல் ஆண்டில் மாதவிடாய் ஒழுங்கில்லாமல் வருவது இயல்புதான். அடுத்த இரண்டு ஆண்டுகளில் 45 நாள் வரை இடைவெளி இருந்தாலும் பதற வேண்டியதில்லை. அந்த வயதில் 'மூணு மாசத்துல சரியாயிடுச்சு' என்று எந்தப் பொடிக்கும் பேர் கிடைத்துவிடும். பொடி இல்லாவிட்டாலும் பலருக்குத் தானாகவே சரியாகியிருக்கும்.

கழற்சிக்காய்: விளையாட்டுக் காயிலிருந்து மருந்துக்கு

முள் மூடிய காய்க்குள் சாம்பல் நிறத்தில், கல் மாதிரி கெட்டியான கொட்டை. அதைத் தரையில் தேய்த்துச் சூடாக்கிப் பக்கத்தில் இருப்பவர் கையில் வைப்பது கிராமத்துப் பிள்ளைகளின் பழைய குறும்பு. சங்கப் பாடல்களில் பெண்கள் ஆடும் 'கழங்கு' இந்தக் கொட்டைதான் என்பார்கள். வேலியில் படர்ந்து கிடந்த கொடி, கடந்த சில ஆண்டுகளில் பி.சி.ஓ.எஸ் மருந்தாகி நாட்டு மருந்துக் கடைகளிலும் ஆன்லைனிலும் பொடியாகவும் மாத்திரையாகவும் விற்கிறது.

சித்த மருத்துவத்தில் வீக்கம், விரை வீக்கம், காய்ச்சல் போன்றவற்றுக்குக் கழற்சி நெடுநாளாகப் பயன்படுகிறது. சினைப்பைக் கட்டிகளுக்கும் சித்த மருத்துவர்கள் இதைத் தருகிறார்கள். நவீன ஆய்வுகள் என்ன சொல்கின்றன? பெரும்பாலானவை எலிகளில் நடந்தவை. மருந்து கொடுத்து பி.சி.ஓ.எஸ் போன்ற நிலையை உண்டாக்கிய எலிகளுக்குக் கழற்சிச் சாறு கொடுத்தபோது ஹார்மோன் அளவுகளும் சினைப்பையும் ஓரளவு தேறின. நம்பிக்கை தரும் செய்திதான். ஆனால் எலியில் பலித்த எத்தனையோ மருந்துகள் மனிதரில் பலிக்கவில்லை. பெரிய அளவில் பெண்களிடம் சோதித்துப் பார்த்து 'இத்தனை மி.கி., இத்தனை நாள்' என்று சொல்லும் நிலைக்குக் கழற்சிக்காய் இன்னும் வரவில்லை.

கவனிக்க வேண்டிய இன்னொரு பக்கமும் இருக்கிறது. இதே விதையின் சாறு எலிகளில் ஈஸ்ட்ரோஜனுக்கு எதிராக வேலை செய்வதாகவும் ஆய்வு உண்டு. குழந்தைக்கு முயற்சி செய்யும் பெண், 'நீர்க்கட்டி கரையட்டும்' என்று தானாக இதை மாதக்கணக்கில் சாப்பிடுவதில் உள்ள சிக்கல் இங்கேதான் இருக்கிறது. கர்ப்பம் தங்கியதே தெரியாமல் முதல் சில வாரங்களில் மருந்து உள்ளே போய்க்கொண்டிருக்கும். கழற்சிதான் வேண்டும் என்றால் சித்த மருத்துவர் கையால், கர்ப்பம் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, எத்தனை நாள் என்ற கணக்கோடு எடுப்பதே முறை.

மலைவேம்பு இன்னும் நெருடலானது. குழந்தைப்பேறுக்காக மாதவிடாயின் முதல் மூன்று நாள் மலைவேம்புச் சாறு குடிப்பது தமிழ்நாடு முழுக்கப் பரவியிருக்கிறது. அந்தப் பெயரில் வழங்குபவை ஒரே மரம் அல்ல. ஒன்றுக்கொன்று நெருங்கிய இரண்டு மரங்கள். அவற்றில் ஒன்றின் பழம் கால்நடைகளுக்கும் மனிதருக்கும் நஞ்சு என்பது நன்கு பதிவான விஷயம். எந்த இலையைப் பறித்தார்கள், எவ்வளவு அரைத்தார்கள் என்பது தெரியாமல் அந்த டம்ளரை வாங்கிக் குடிப்பது சரியல்ல.

உளுந்தங்களி ஹார்மோனை ஏற்றுமா?

பெண் வயதுக்கு வந்தால் உளுந்தங்களி. பிள்ளை பெற்றால் உளுந்தங்களி. கருப்பு உளுந்து, கொஞ்சம் பச்சரிசி, கருப்பட்டி, நடுவில் குழி பறித்து ஊற்றும் நல்லெண்ணெய். 'இடுப்பு எலும்பு பலப்படும், கர்ப்பப்பை பலப்படும்' என்பது வழக்கமான விளக்கம்.

கர்ப்பப்பையைத் தனியாகப் பலப்படுத்தும் உணவு என்று எதுவும் இல்லை. ஆனால் களியில் இருப்பது நல்ல சாப்பாடு. 100 கிராம் உளுத்தம்பருப்பில் சுமார் 23 கிராம் புரதம் இருக்கிறது. ஃபோலேட், மெக்னீசியம், இரும்பு ஓரளவு உண்டு. நாள் முழுக்கக் குனிந்து பூப்பறிக்கும், கடலை பிடுங்கும் பெண்ணின் தட்டில் பெரும்பாலும் குறைவது புரதம்தான். சோறு நிறைய, குழம்பு கொஞ்சம், பருப்பு அதைவிடக் கொஞ்சம். சடங்கு வீட்டில் பதினாறு நாள் மட்டும் உளுந்து கொடுத்துவிட்டு, அப்புறம் வீட்டில் கடைசியாகச் சாப்பிடும் ஆளாக அவளை உட்கார வைப்பதுதான் பிரச்சினை. இன்சுலின் எதிர்ப்பு இருக்கும் பெண்கள் கருப்பட்டியின் அளவைக் குறைத்துக்கொள்வது நல்லது. கருப்பட்டியும் சர்க்கரைதான்; இதைச் சொன்னால் ஊரில் சண்டைக்கு வருவார்கள்.

எள், ஆளி விதை, வெந்தயம் எல்லாம் இதே வரிசைதான். ஆளி விதையில் ஈஸ்ட்ரோஜனை லேசாக ஒத்த லிக்னான்களும் ஒமேகா-3 கொழுப்பும் உண்டு. வெந்தயம் இரத்தச் சர்க்கரையைக் கொஞ்சம் குறைக்கும். சர்க்கரை மாத்திரை எடுப்பவர்கள் ஊறவைத்த வெந்தயத்தைக் கைநிறையச் சாப்பிட்டால் அளவுக்கு மீறி இறங்கவும் வாய்ப்புண்டு. மாதத்தின் முதல் பாதிக்கு ஒரு விதை, மறு பாதிக்கு வேறு விதை என்று ரீல்ஸில் வரும் 'சீட் சைக்ளிங்' முறைக்கு உறுதியான ஆதாரம் இல்லை. விதைகளைச் சாப்பிடலாம், காலண்டர் பார்த்துச் சாப்பிட வேண்டியதில்லை.

உண்மையான குறைபாடு: இரும்புச்சத்து

ஹார்மோன் என்று எல்லோரும் தேடிக்கொண்டிருக்க, கண்ணெதிரே இருப்பது இரத்தசோகை. தேசிய குடும்ப நல ஆய்வு-5 கணக்குப்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. அதாவது இரண்டில் ஒருவருக்கும் மேல். சோர்வு, முடி கொட்டுவது, படபடப்பு, எரிச்சல், மூச்சு வாங்குவது போன்றவற்றை 'ஹார்மோன் பிரச்சினை' என்று நினைத்துப் பவுடர் வாங்குபவர்களில் பலருக்குத் தேவைப்படுவது ஹீமோகுளோபின் பரிசோதனை.

இங்கே சப்ளிமென்ட் உண்மையிலேயே வேலை செய்கிறது. அதுவும் இலவசமாகவே கிடைக்கிறது. மத்திய அரசின் இரத்தசோகை தடுப்புத் திட்டத்தில் வளரிளம் பெண்களுக்கு வாரம் ஒரு நீல மாத்திரை; கர்ப்பிணிகளுக்கு நான்காவது மாதத்திலிருந்து தினமும் ஒரு சிவப்பு மாத்திரை. இரண்டிலும் 60 மி.கி. இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் உண்டு. பள்ளியில் கொடுத்த நீல மாத்திரை 'வயித்தைப் புரட்டுது' என்று பைக்குள்ளேயே கிடந்து போவதும் எல்லோருக்கும் தெரிந்த கதைதான். வெறும் வயிற்றில் எடுக்காமல் சாப்பாட்டுக்குப் பிறகு எடுத்தால் அந்தத் தொல்லை குறையும். டீயோடு எடுத்தால் சத்து சேராது, எலுமிச்சை ஜூஸோ நெல்லிக்காயோ சேர்ந்தால் நன்றாகச் சேரும். மலம் கறுத்துப் போவது இரும்பின் நிறம்தான், பயப்பட வேண்டாம்.

சித்த மருத்துவமும் இதில் பின்தங்கவில்லை. அன்னபேதிச் செந்தூரம், பாவனக் கடுக்காய், மாதுளை மணப்பாகு, நெல்லிக்காய் லேகியம் ஆகிய நான்கையும் சேர்த்து 45 நாள் கொடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்றை 2024-ல் மத்திய ஆயுஷ் அமைச்சகம் வெளியிட்டது. அதில் 2,648 வளரிளம் பெண்கள் சேர்ந்தனர், 2,300 பேர் முழுமையாக முடித்தனர். ஹீமோகுளோபின் கூடியது. அன்னபேதி என்பதே இரும்பு உப்புதான். ஆக, அங்கேயும் கைகொடுத்ததில் இரும்புக்குப் பெரிய பங்கு உண்டு. மருந்து தொடங்கும் முன் எல்லோருக்கும் கடுக்காய்ச் சூரணம் கொடுத்துக் குடற்புழு நீக்கினார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. புழு இருக்கிற வயிற்றில் எந்த டானிக்கும் தங்காது.

புதுக்கோட்டையில் 1886-ல் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரில்தான் தமிழக அரசின் மகப்பேறு நிதியுதவித் திட்டம் நடக்கிறது. 18,000 ரூபாய் மதிப்புள்ள அந்த உதவியில் 14,000 ரூபாய் பணமாகவும், மீதி ஊட்டச்சத்துப் பெட்டகமாகவும் வருகிறது. பெட்டகத்தில் பேரீச்சம்பழமும் இரும்புச்சத்து டானிக்கும் நெய்யும் இருக்கும். விளம்பரமே இல்லாத சப்ளிமென்ட் இது. கர்ப்பிணிகளுக்கென்றே மாதுளை மணப்பாகு, சதாவேரி லேகியம், உளுந்துத் தைலம் உட்பட 11 சித்த மருந்துகள் கொண்ட 'மகப்பேறு சஞ்சீவி' பெட்டகத்தையும் தமிழக அரசு கொண்டுவந்தது.

அதிக இரத்தப்போக்கு இருப்பவர்கள் மட்டும் ஒன்றைத் தனியாகக் கவனிக்க வேண்டும். இரும்பு மாத்திரை போன இரத்தத்தை ஈடுகட்டும். ஏன் போகிறது என்பதைச் சரி செய்யாது. கர்ப்பப்பையில் நார்த்திசுக் கட்டி, தைராய்டு என்று காரணம் வேறாக இருக்கலாம்.

இனோசிட்டால், வைட்டமின் டி, அஸ்வகந்தா

பி.சி.ஓ.எஸ் என்றதும் இப்போது டாக்டர் சீட்டிலேயே வருவது மையோ-இனோசிட்டால். உடம்பே தயாரிக்கும், உணவிலும் இருக்கும் ஒரு பொருள். இன்சுலின் வேலை செய்ய உதவுகிறது. 2023 வழிகாட்டுதல் இதைப் பற்றி நிதானமாகப் பேசுகிறது: தீங்கு குறைவு, சர்க்கரை போன்ற வளர்சிதை அளவுகளில் முன்னேற்றம் இருக்கலாம், விரும்பினால் எடுக்கலாம், ஆனால் சினைமுட்டை வெளிவருவது, தேவையற்ற முடி வளர்ச்சி, எடை ஆகியவற்றில் பெரிய பலனுக்கு ஆதாரம் குறைவு. அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைக்கும் மெட்ஃபார்மினுக்கு இதைவிட வலுவான ஆதாரம் இருக்கிறது. ஆன்லைனில் மாதாமாதம் காசு கட்டும் முன் இதையும் டாக்டரிடம் கேட்டுவிடலாம். எடை கூடுதலாக இருப்பவர்களில் பலருக்கு, அதில் 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே மாதவிடாய் சீராவதும் உண்டு.

வைட்டமின் டி குறைவு வெயில் கொளுத்தும் ஊரிலும் சகஜம்தான், வீட்டுக்குள்ளேயும் கடைக்குள்ளேயும் வேலை பார்ப்பவர்களுக்குக் குறிப்பாக. குறைவு என்று தெரிந்தால் 60,000 யூனிட் மருந்தை வாரம் ஒன்று என எட்டு வாரம் போலத் தருவார்கள். 'வாரம் ஒன்று' என்பதை 'தினம் ஒன்று' என்று புரிந்துகொண்டு எடுத்தால் இரத்தத்தில் கால்சியம் ஏறிச் சிறுநீரகம் வரை பாதிக்கும்.

அஸ்வகந்தா, நம் ஊர் பெயரில் அமுக்கரா. பாலில் கலந்து குடிக்கும் அமுக்கராச் சூரணம் சித்த மருத்துவத்தில் பழையது. மன அழுத்தம், தூக்கம் இரண்டிலும் ஓரளவு பலன் இருப்பதாகச் சிறு ஆய்வுகள் உண்டு. அதே சமயம் இது தைராய்டு ஹார்மோனைக் கூட்டக்கூடும். ஏற்கெனவே தைராய்டு மாத்திரை எடுப்பவருக்கு அளவு எகிறலாம். ஈரல் பாதிப்பும் பல நாடுகளில் பதிவாகியிருக்கிறது. டென்மார்க் 2023-ல் அஸ்வகந்தா சப்ளிமென்ட்டுகளைத் தடை செய்தது. இந்தியாவில் வேர் மருந்தாக அனுமதிக்கப்பட்டது; இலையைத் தவிர்க்கும்படி ஆயுஷ் அமைச்சகமே 2021-ல் அறிவுறுத்தியது. கர்ப்பிணிகள் தொடவே கூடாது.

வெளிநாட்டு யூட்யூப் சேனல்களில் மாதவிடாய்க்கு முந்தைய தொல்லைகளுக்கு 'சேஸ்ட் ட்ரீ' என்று ஒரு மூலிகை சொல்வார்கள். 'அது நம்ம நொச்சிதான்' என்று கமென்டில் யாராவது எழுதியிருப்பார்கள். நொச்சி அதன் உறவுக்காரச் செடி, அதே செடி இல்லை.

சேர்த்துச் சாப்பிட்டால் சண்டை போடும் மாத்திரைகள்

தைராய்டு மாத்திரையைக் காலையில் வெறும் வயிற்றில் எடுக்கச் சொல்வார்கள். அதோடு சேர்த்தே இரும்பு, கால்சியம் மாத்திரைகளையும் ஒரே மடக்கில் விழுங்கிவிடும் பெண்கள் ஏராளம். 'எல்லாத்தையும் காலையிலேயே முடிச்சுட்டா வேலை முடிஞ்சுது' என்ற அவசரம். இரும்பும் கால்சியமும் தைராய்டு மருந்தை உறிஞ்ச விடாமல் பிடித்துக்கொள்ளும். நான்கு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். இந்த ஒன்றைச் சரி செய்தாலே சிலருக்கு டோஸ் கூட்டத் தேவை இருக்காது.

முடி கொட்டுகிறது என்று பயோட்டின் சாப்பிடுபவர்களுக்கு வேறொரு சிக்கல். அது தைராய்டைத் தொடுவதில்லை, தைராய்டு டெஸ்டைக் கெடுக்கிறது. அதிக அளவு பயோட்டின் உடம்பில் இருக்கும்போது இரத்தம் கொடுத்தால், சில பரிசோதனை முறைகளில் இல்லாத தைராய்டு மிகைப்பு இருப்பதாக ரிப்போர்ட் வரலாம். பரிசோதனைக்கு இரண்டு நாள் முன்பாவது நிறுத்திவிட வேண்டும், எடுத்ததை லேபிலும் சொல்ல வேண்டும். மெட்ஃபார்மினை வருடக்கணக்கில் எடுப்பவர்களுக்கு வைட்டமின் பி12 குறையலாம் என்பதும் பலருக்குத் தெரியாது.

டப்பாவின் பின்பக்கம் என்ன எழுதியிருக்கிறது?

'மாதவிடாய்க் கோளாறு நீங்கும்' என்று ஒரு மருந்துக்கு விளம்பரம் செய்வதே இந்தியாவில் குற்றம். 1954-ல் வந்த மருந்துகள் மற்றும் மாய வைத்தியங்கள் சட்டத்தின் மூன்றாவது பிரிவு மாதவிடாய்க் கோளாறைப் பெயர் சொல்லியே தடுக்கிறது. பெண்ணின் மலட்டுத்தன்மையும் அந்தச் சட்டத்தின் பட்டியலில் இருக்கிறது. முதல் முறை குற்றம் நிரூபணமானால் ஆறு மாதம் வரை சிறை. இவ்வளவு பழைய சட்டம் இருந்தும் இந்த வாசகம் சுவரெங்கும், செல்போனெங்கும் இருக்கிறது.

கடையில் வாங்கும் பொருள் இரண்டு வகை. உணவுச் சப்ளிமென்ட் என்றால் 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ உரிம எண் இருக்கும், 'மருந்தாகப் பயன்படுத்துவதற்கு அல்ல' என்ற வரியும் ஆங்கிலத்தில் இருக்கும். முன்பக்கம் பி.சி.ஓ.எஸ் தீரும் என்றும் பின்பக்கம் மருந்து அல்ல என்றும் ஒரே டப்பா சொன்னால், எதை நம்புவது என்று வாங்குபவர் முடிவு செய்துகொள்ளலாம். சித்த, ஆயுர்வேத மருந்து என்றால் உற்பத்தி உரிம எண், பேட்ச் எண், காலாவதி தேதி இருக்க வேண்டும். நச்சுத்தன்மையுள்ள சரக்கு சேர்ந்த மருந்தில் 'மருத்துவர் மேற்பார்வையில் மட்டும்' என்ற எச்சரிக்கை கட்டாயம். விதிப்படி அந்த எச்சரிக்கை ஆங்கிலத்திலும் இந்தியிலும் இருந்தால் போதும். 1991-ல் அறிவொளி இயக்கத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் தமிழ் எழுத்தைக் கற்ற மாவட்டத்தில், அந்த ஒரு வரியை மட்டும் அவர்களால் படிக்க முடியாது.

எந்த லேபிளும் இல்லாமல் காகிதப் பொட்டலத்திலோ பிளாஸ்டிக் டப்பாவிலோ வரும் பொடிகள் தனி ரகம். இணையத்தில் வாங்கிய 193 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்து 2008-ல் அமெரிக்க மருத்துவ இதழில் வந்த ஆய்வில், ஐந்தில் ஒன்றில் ஈயமோ பாதரசமோ ஆர்செனிக்கோ இருந்தது. ஈயம் இரத்தசோகையை உண்டாக்கும், கருவையும் பாதிக்கும். சோர்வுக்கு மருந்து என்று வாங்கியதே சோர்வுக்குக் காரணமாகிவிடும்.

எப்போது, எங்கே போவது?

மூன்று மாதம் தொடர்ந்து மாதவிடாய் வராவிட்டால், வயதுக்கு வந்து மூன்று ஆண்டுக்குப் பிறகும் 35 நாளுக்கு மேல் இடைவெளி விழுந்துகொண்டே இருந்தால், ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் நனையும் அளவு போனால், பிரசவம் இல்லாமலே மார்பில் பால் கசிந்தால் பொடி எதையும் தேட வேண்டாம், டாக்டரைப் பார்க்க வேண்டும். மாதவிடாய் முற்றிலும் நின்று ஓராண்டு கழித்து ஒரு துளி இரத்தம் பட்டாலும் அதே வாரம் போக வேண்டும். 'வயசானா அப்படித்தான்' என்று விட்டு, கர்ப்பப்பைப் புற்றுநோயாக முற்றிய பிறகு வருபவர்கள் உண்டு. மூலிகை ஏதாவது சாப்பிடும்போது கண் மஞ்சளானாலோ, சிறுநீர் கறுத்துப் போனாலோ உடனே நிறுத்த வேண்டும்.

முதல் கட்டத்தில் தேவைப்படுபவை எளிய பரிசோதனைகள்தான்: கர்ப்பப் பரிசோதனை, ஹீமோகுளோபின், டி.எஸ்.எச், சர்க்கரை, தேவைப்பட்டால் புரோலாக்டின். புதுக்கோட்டை நகரில் அரசு ராணியார் மருத்துவமனையும் 2017-ல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் இருக்கின்றன. தெற்கே இருப்பவர்களுக்கு அறந்தாங்கி அரசு மருத்துவமனை பக்கம். சித்த வைத்தியம்தான் வேண்டும் என்பவர்கள் அரசு மருத்துவமனைகளில் உள்ள சித்தா பிரிவுக்கே போகலாம். சீட்டுப் போட்டு, படித்த மருத்துவர் பார்த்துத் தருவார். எங்கே போவது என்று குழப்பமாக இருந்தால் 104 என்ற அரசு மருத்துவ உதவி எண்ணில் கேட்கலாம்.

போகும்போது கடைசி மூன்று மாதவிடாய் தேதிகளை எழுதி எடுத்துப் போவது நல்லது. இதுவரை சாப்பிட்ட மாத்திரை, லேகியம், பவுடர் டப்பாக்களையும் அப்படியே பையில் போட்டுக்கொள்ளலாம். 'திட்டுவாங்க' என்று மறைத்தால் நஷ்டம் நோயாளிக்குத்தான். வீட்டில் இடித்த கழற்சிப் பொடியாக இருந்தால் அதையும் ஒரு பொட்டலமாக மடித்துக் கொண்டுபோய்க் காட்டலாம்.